குடும்பப் புத்தகம் இருக்கிறதா?

கசில்டாவை அடக்கம் செய்துவிட்டு வந்து காப்பிக் கடையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். போன டிசம்பர் மாதம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரொட்டிக் கடை ஹசிந்தா சூடான பாலை ஊதிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"செத்தவளைப் பத்திப் பேசக் கூடாதுதான். ஆனாலும் அவ கறார் யாருக்கு வரும்? எங்க அக்கா கல்யாணக் கவுனோட போய் நின்னா. அவகிட்டயே குடும்பப் புத்தகம் இருக்கான்னு கேட்டா இந்தப் பொம்பளை! பாதிரியார் நேர்ல வந்து சொல்ற வரைக்கும் சாவியைத் தரலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோப்பையை டொக்கென்று வைத்தேன்.

"ஹசிந்தா, உங்க அக்கா வந்து நின்னது எந்த வருஷம்?"

"அறுபத்தி நாலு. ஏன்?"

"அறுபத்தி ஏழுக்கு அப்புறம் வந்திருந்தா அந்தக் கதை வேற மாதிரி இருந்திருக்கும். தெரியாம வாயைத் திறக்காதே."

அதற்கு மேல் அங்கே நான் பேசவில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பேன். ஹசிந்தா முன்னால் அழுவதைவிட அந்தப் பனியில் போய் நிற்கலாம். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

என் பெயர் ஒப்துலியா. பலென்சியா ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த கரியோன் விடுதியில் முப்பத்தோரு வருஷம் அறை கூட்டி, படுக்கை விரித்தவள். ஐம்பத்தெட்டில், இருபது வயதில், நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது கசில்டா ஏற்கெனவே வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். நல்ல உயரம். தலைமுடியை இழுத்துப் பின்னால் கட்டியிருப்பாள். ஒரு பேனா, ஒரு மணி, ஒரு தடித்த பதிவேடு, இவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம்.

வருகிறவர்களிடம் அவள் பேசியது மொத்தம் ஆறேழு வாக்கியங்கள் இருக்கும். பதிவு செய்திருக்கிறீர்களா, யார் பெயரில், எத்தனை பேர், ஒற்றைப் படுக்கையா இரட்டைப் படுக்கையா, அடையாள அட்டை கொடுங்கள், எத்தனை ராத்திரி, காலை உணவு எட்டிலிருந்து பத்து வரை. வருஷத்துக்கு ஆயிரம் பேரிடம் இதையே கேட்டாலும் ஒரு சொல்லைக்கூட விழுங்க மாட்டாள். 'குவாந்தாஸ் நோசெஸ்?' என்று நிறுத்திக் கேட்பாள். எத்தனை ராத்திரி என்று அர்த்தம். அந்தக் கேள்வியோடு தலையையும் கொஞ்சம் சாய்ப்பாள். பதில் வந்ததும் பதிவேட்டில் அந்தப் பத்தியை நிரப்புவாள். எந்தப் பத்தியும் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. சாயங்காலம் அந்த விவரங்களைச் சீட்டுகளில் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

ஆணும் பெண்ணுமாக வந்து ஒரே அறை கேட்டால் மட்டும் இன்னொரு கேள்வி உண்டு. குடும்பப் புத்தகம் இருக்கிறதா? கல்யாணம் ஆனவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. கணவர் பெயர், மனைவி பெயர், பிறகு பிள்ளைகள் பெயர். அது இல்லாமல் ஒரே அறையில் தங்க முடியாது, அந்தக் காலம் அப்படி. கசில்டா அதைச் சத்தமாகத்தான் கேட்பாள், சாப்பாட்டு அறையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி. முதலாளி தோன் எலாடியோவுக்கு அதில் பரம திருப்தி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மூன்று தடவை போகிற ஆள் அவர்.

ஒரு தடவை பிரெஞ்சுக்காரச் சின்னஞ்சிறுசுகள் இரண்டு மழையில் நனைந்துகொண்டு வந்தன. கையில் பயணிகளுக்கான குட்டி மொழிப் புத்தகம். பையன் அதைப் பிரித்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தான்.

"வணக்கம். எங்களுக்கு. ஒரு அறை. வேண்டும். குளியலறையோடு. தயவுசெய்து."

நான் மாடிப்படியில் வாளியோடு நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். கசில்டா சிரிக்கவில்லை. "குடும்பப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு இரண்டு தலையும் சேர்ந்து அந்தக் குட்டிப் புத்தகத்தில் கவிழ்ந்தன. புரட்டுகின்றன, புரட்டுகின்றன. ஜன்னல் உள்ள அறை, வெந்நீர், என் பெட்டியைக் காணவில்லை, எனக்குப் பல் வலிக்கிறது என்று எல்லாம் அதில் இருந்திருக்கிறது. இந்த ஒரு கேள்வி மட்டும் இல்லை. கடைசியில் அந்தப் பெண் நம்பிக்கையோடு தலையை நிமிர்த்தி, "காலை உணவு சேர்த்தா?" என்றாள், பாவம்.

"இங்க குடும்பங்கள் தங்குறாங்க" என்று சொல்லிக் கசில்டா பதிவேட்டை மூடிவிட்டாள். மழையில் போனார்கள்.

"மனுஷியா நீ?" என்று கத்தினேன். "அந்தப் பொண்ணு நடுங்கிக்கிட்டு நின்னாளே!"

"சட்டத்தை நானா போட்டேன்?"

"சட்டம் போட்டவன் இங்க வந்து நின்னானா பாக்கிறதுக்கு?"

"உன் வேலையைப் பாருடி" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை நான். மூன்றாம் நாள் எனக்கே வாய் அரித்தது, பேசிவிட்டேன்.

இவ்வளவு கறார்க்காரி மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் மதியத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு மாலை ஐந்து மணி ரயிலில் நார்சிஸோ வருவார். கத்தலோனியா பக்கத்து ஆள், பொத்தான் வியாபாரத்தில் ஊர் ஊராகப் போகிறவர். இரண்டு கையிலும் இரண்டு மாதிரிப் பெட்டி, கொஞ்சம் முன்வழுக்கை, எப்போதும் சளி பிடித்த குரல். அழகன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேசைக்கு முன்னால் வந்து தொப்பியைக் கழற்றும் விதத்தில் ஒரு மரியாதை இருக்கும்.

"வணக்கம். அறை இருக்குங்களா?"

"யார் பேர்ல?" என்பாள் கசில்டா. வருஷக்கணக்காக வருகிற ஆள்!

"நார்சிஸோ போவாதா."

"எத்தனை பேர்?"

"நான் மட்டும்."

"எத்தனை ராத்திரி?"

"ஒண்ணு."

அந்த 'ஒண்ணு'வைச் சொல்லும்போது அவர் மேசை மணியைப் பார்ப்பார். அவள் பதிவேட்டைப் பார்ப்பாள். நான் படியில் நின்று இரண்டு பேரையும் பார்ப்பேன். அவர் போன பிறகு மேசையில் ஒரு பொத்தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தினுசு. சிப்பி, கொம்பு, பித்தளை, ஒரு தடவை பச்சைக் கண்ணாடி. கசில்டா அதை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவாள். "என்னடி அது?" என்று கேட்டால், "மாதிரி" என்பாள்.

அறுபத்து மூன்று பிப்ரவரியில் பனியில் தண்டவாளம் மூடிப்போய் ரயில் எல்லாம் நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் எத்தனை ராத்திரி என்று கேட்க, அவர் "ரெண்டு" என்றார். பேனா கீழே விழுந்து உருண்டு என் வாளிக்குள் போய்விட்டது. அந்த இரண்டாவது நாள் சாயங்காலம் இரண்டு பேரும் சாப்பாட்டு அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பூண்டு சூப் குடித்தார்கள். அப்போதுதான் அவர் தன் கதையை அவளிடம் சொல்லியிருக்கிறார். மனைவி மெர்சே ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே வேறொருவனோடு அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. ஆனால் நம் நாட்டில் அப்போது விவாகரத்து ஏது? அவள் கடலுக்கு அந்தப் பக்கம் நாலு பிள்ளை பெற்றாலும் காகிதத்தில் அவள்தான் அவருக்கு மனைவி. அவருடைய குடும்பப் புத்தகத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது.

கசில்டா அண்ணன் வீட்டில் இருந்தாள். விஷயம் காதில் விழுந்ததும் அண்ணன், "கல்யாணமான ஆளோட என்ன பேச்சு?" என்று ஆடித் தீர்த்துவிட்டான். ஆனாலும் செவ்வாய்க்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன.

அறுபத்தேழு ஆகஸ்டில் ஒரு காலை அவள் நீல உடையில் ரயிலேறினாள், நார்சிஸோவோடு, சந்தந்தேருக்கு. கடல் பார்க்க. நாலு நாள் லீவு. என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். போன அன்றைக்குச் சாயங்கால ரயிலிலேயே திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் காலை மேசைக்குப் பின்னால் எப்போதும்போல நின்றாள். ஒரு வாரம் கழித்துத்தான் வாயைத் திறந்தாள்.

"அவர் தன்னோட புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாரு. உள்ள யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்கன்னாரு."

"நீதான் தினம் பிரிச்சுப் பாக்கிறியே! உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் போனே?"

"ஏன்னா கேக்கிறே?" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடலைப் பார்த்த பெரிய ஹோட்டல். மேசையில் ஒல்லி மீசைக்காரன். புத்தகத்தைப் பிரித்து, "சென்யோரா மெர்சே?" என்று கேட்டிருக்கிறான், திருமதி மெர்சேதானே என்று. நார்சிஸோ தலையாட்டியிருக்கிறார். அவன் கசில்டா பக்கம் கையை நீட்டி, "உங்க அடையாள அட்டை, சென்யோரா" என்றிருக்கிறான். அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யை நூறு பேர் அவளிடமே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவள், "என் பேரு கசில்டா ரெவில்யா" என்றாள். அவன் புத்தகத்தை இரண்டு விரலால் தள்ளிக் கொடுத்து, "இங்க குடும்பங்கள் தங்குறாங்க" என்றானாம்.

"நான் சொல்ற அதே வார்த்தைடி" என்றாள். "ஒரு எழுத்து மாறல."

அந்த வாரத்திலிருந்து கசில்டா குடும்பப் புத்தகத்தைச் சத்தமாகக் கேட்கவில்லை. மேசைக்கு மேல் குனிந்து, பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்காத குரலில் கேட்பாள். இல்லை என்று முழித்தால், "அப்படின்னா ரெண்டு ஒற்றை அறைதான். பதினொண்ணும் பன்னிரண்டும்" என்று இரண்டு சாவியை எடுத்து வைப்பாள். பிறகு பேனாவைப் பார்த்துக்கொண்டே, "பன்னிரண்டுல அலமாரி கொஞ்சம் ஆடும். நகர்த்தினா மெதுவா நகர்த்துங்க" என்பாள். அந்த அலமாரிக்குப் பின்னால் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பழைய கதவு இருந்தது. அலமாரிக் காலுக்கெல்லாம் நான் சோப்புத் தடவி வைத்திருந்தேன், சத்தம் வராமல் இருக்க. காலையில் போய் யாரும் படுக்காத படுக்கையில் நான் ஏறிப் புரண்டு, தலையணையைக் குத்திக் கசக்கிவிட்டு வருவேன். தோன் எலாடியோ மூக்கை நீட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பார். "நம்ம விடுதியில ஒழுக்கம் இருக்கு, ஒப்துலியா" என்பார். "ஆமாங்கய்யா, நிறைய இருக்கு" என்பேன். அந்த வருஷங்களில் நாங்கள் சிரித்த சிரிப்பு! விரிப்பும் போர்வையும் அடுக்கி வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் போர்வையைக் கடித்துச் சிரிப்போம். இப்போது நினைத்தாலும் அந்தச் சோப்பு வாசனை வந்துவிடுகிறது.

ஒருநாள் நான் கேட்டேன். "ஊருக்கெல்லாம் கதவைத் திறந்துவிடுறியே. செவ்வாய்க்கிழமை அவருக்குப் பதினொண்ணைக் கொடு. நீ பன்னிரண்டுல இரு. நான் வாயைத் திறப்பேனா?"

"அலமாரிக்குப் பின்னால நுழைஞ்சு போக நான் என்ன எலியா?"

"அட, எத்தனை நாளைக்குடி இப்படி?"

"அவர் பேருக்குப் பக்கத்துல என் பேரு மையில ஏறணும், ஒப்துலியா. மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க சத்தமாக் கேக்கணும். நான் எடுத்துக் காட்டணும். அதுக்கப்புறம்தான் சாவியை வாங்குவேன். இல்லேன்னா வேண்டாம்."

வேண்டாம் என்றே பதினாறு வருஷம் இருந்தாள். பிடிவாதக் கழுதை. செவ்வாய்க்கிழமை வரும். யார் பேர்ல, எத்தனை பேர், எத்தனை ராத்திரி. ஒண்ணு. ஒரு பொத்தான். அவருக்கு மிச்சமிருந்த முடியும் போனது. இவளுக்குக் கண்ணாடி வந்தது. தோன் எலாடியோ செத்து, மருமகள் வியாபாரத்தை எடுத்துக்கொண்டாள். நாட்டை ஆண்டவர்கள் மாறினார்கள், கெடுபிடி தளர்ந்தது. இரட்டை அறை கேட்டு வருகிற இளசுகளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பன்னிரண்டாம் அறை அலமாரியை யாரும் நகர்த்தவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எல்லோருக்கும் எல்லாம் சுலபமாகிவிட்டது, இவள் ஒருத்தியைத் தவிர.

எண்பத்தொன்று கோடையில் விவாகரத்துச் சட்டம் வந்தது. சமையலறை ரேடியோவில் கேட்டுவிட்டு நான் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னேன். கசில்டா ஒரு ஜெர்மன்காரரின் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பேர், ஊர், எத்தனை ராத்திரி என்று எல்லாப் பத்தியையும் நிரப்பிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "மெர்சே கையெழுத்துப் போடணும்" என்றாள். அவ்வளவுதான். அர்ஜென்டினாவுக்குக் காகிதம் போய், வந்து, மறுபடி போய், கோர்ட்டில் கிடந்து, எல்லாமாக ஒன்றரை வருஷம். மெர்சே கையெழுத்தோடு ஒரு வரியும் எழுதி அனுப்பியிருந்தாள். 'இவ்வளவு நாள் எங்கே தூங்கிக்கொண்டிருந்தாய், நார்சிஸோ?' அந்தப் பொம்பளையை எனக்கு அன்றைக்குப் பிடித்துப்போனது.

எண்பத்து மூன்று ஏப்ரலில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். மொத்தம் பத்து நிமிஷம். கசில்டாவுக்கு நாற்பத்தொன்பது வயது. சாம்பல் நிறக் கோட்டு தைத்திருந்தாள். அதில் ஒவ்வொரு பொத்தானும் ஒவ்வொரு தினுசு, சிப்பி, கொம்பு, பித்தளை, கழுத்தோரம் அந்தப் பச்சைக் கண்ணாடி. அவள் அண்ணன் பெண்டாட்டி, "தையல்காரனுக்குக் கண் தெரியலையா?" என்றாள். நான் அவள் காலை மிதித்தேன், நன்றாகவே. அலுவலர் நீல அட்டை போட்ட புத்தகத்தை நீட்டியதும் நார்சிஸோ கையை நீட்டினார். கசில்டா அதை அவர் கைக்கே விடவில்லை. கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே சந்தந்தேருக்கு ரயில். அதே ஹோட்டல். நாலு நாள்.

மறுநாள் மதியம் நான் விடுதி வாசலைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், கசில்டா வந்து நிற்கிறாள்! பின்னால் நார்சிஸோ பெட்டியோடு. எதுவும் கேட்காதே என்று அவர் கையை ஆட்டிச் சைகை காட்டுகிறார். கேட்காமல் இருக்க நான் என்ன ஊமையா?

"என்னடி ஆச்சு? மறுபடி விரட்டிட்டானா?"

"விரட்டல. அங்க இப்ப ஒரு பொண்ணு இருக்கா. காதுல இவ்வளவு பெரிய வளையம். அடையாள அட்டையை வாங்கினா, எத்தனை ராத்திரின்னா, சாவியைக் கொடுத்துட்டா."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ கேக்கவே இல்லடி!" கைப்பையைத் தூக்கிக் காட்டினாள். "நான் பையைத் திறந்து கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன். குடும்பப் புத்தகத்தைக் கேளும்மான்னேன். அதெல்லாம் இப்ப யாருங்க கேக்கிறாங்க, தேவையில்லங்கன்னு சிரிச்சா. தேவையில்லையாம். எனக்குத் தேவைன்னேன். அவ என்னைப் பைத்தியம் மாதிரி பாத்தா."

நார்சிஸோ மெல்லச் சொன்னார். "ராத்திரி பூரா நாற்காலியிலேயே உக்காந்திருந்தா. கடலைக்கூடப் பாக்கல. நான் என்ன பண்றது, சொல்லுங்க ஒப்துலியா."

நல்லது நடந்தும் அவள் முகம் செத்துக் கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. துடைப்பத்தைத் தூக்கிப் போட்டேன்.

"வெளிய போங்க. ரெண்டு பேரும்."

"என்ன?"

"வெளிய போயிட்டுத் திரும்ப உள்ள வாங்க."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"போறியா, இல்ல இந்தத் தண்ணியை உன் கோட்டு மேல ஊத்தவா?"

போனார்கள். மேசைக்குப் பின்னால் முதலாளியின் மருமகள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "எந்திரிங்க" என்று அவளை எழுப்பிவிட்டு நான் அங்கே போய் நின்றேன். ஏப்ரனைக் கழற்றினேன். பதிவேட்டைப் பிரித்து, பேனாவை எடுத்து, மணியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். சாப்பாட்டு நேரம். ரயில்வே ஆட்களும் வியாபாரிகளுமாக இருபது பேர் உள்ளே இருந்தார்கள். எல்லாத் தலையும் திரும்பியது.

கதவு திறந்தது. நார்சிஸோ பழகினவர், நேராக வந்து பெட்டியை வைத்தார், தொப்பியைக் கழற்றினார். கசில்டாவுக்குத்தான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பழக்கமே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம். அறை இருக்குங்களா?" என்றார் அவர்.

"யார் பேர்ல?"

"நார்சிஸோ போவாதா."

"எத்தனை பேர்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கசில்டா சொன்னாள். "ரெண்டு பேர்."

"ஒற்றைப் படுக்கையா, இரட்டைப் படுக்கையா?"

"இரட்டை."

நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். சாப்பாட்டு அறைக் கடைசி மேசை வரைக்கும் கேட்கிற மாதிரி, அறுபத்து நாலில் அவள் கேட்ட அதே குரலில் கேட்டேன்.

"குடும்பப் புத்தகம் இருக்கா?"

கரண்டிச் சத்தம் நின்றது. கசில்டா கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள், மடித்து உள்ளே வைத்தாள். நீலப் புத்தகத்தை மேசைமேல் என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இருக்கு" என்றாள்.

"உங்க அடையாள அட்டை, சென்யோரா."

கொடுத்தாள். நான் அவசரப்படவில்லை. அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படியே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து, உரக்க வாசித்தேன். கணவர், நார்சிஸோ போவாதா. மனைவி, கசில்டா ரெவில்யா. இரண்டாவது பெயரில் எனக்குக் கண் மறைத்துவிட்டது. "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு" என்றேன். எதிரே அவளும் மூக்கை உறிஞ்சினாள். பதிவேட்டில் ஒரு பெயரை எழுதி, பக்கத்திலேயே இன்னொரு பெயரையும் மையில் எழுதினேன்.

"எல்லாம் சரியா இருக்கு. எத்தனை ராத்திரி?"

"ஒண்ணு" என்றார் நார்சிஸோ.

இருபத்து மூன்று வருஷப் பழக்கம்! சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். கசில்டா கைப்பையால் அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். சாப்பாட்டு அறை முழுக்க வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, பல் எல்லாம் தெரியச் சிரித்தாள். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி வைத்தாள்.

"அந்தப் பத்தியை விட்டுரு" என்றாள்.

"காலியாவா? நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன். புறப்படுற தேதியையும் விட்டுரு."

நாலாம் எண் சாவியைக் கொடுத்தேன், பால்கனி வைத்த நல்ல அறை. "காலை உணவு எட்டிலேர்ந்து பத்து வரைக்கும், சென்யோரா" என்றேன். "அதை எனக்கே சொல்றியா நீ?" என்று கேட்டுக்கொண்டே மாடியேறினாள். மறுநாள் காலை பத்தரைக்குத்தான் இறங்கி வந்தார்கள். சமையலறையில் காப்பியைச் சூடாக்கிக் கொடுத்தேன்.

அவர்கள் வந்த அன்றைக்குச் சாயங்காலம் காவல் நிலையத்தில் சீட்டை வாங்கிய போலீஸ்காரர், "எத்தனை ராத்திரின்னு எழுதலையேம்மா?" என்றார். "தெரியலைங்க, நிறைய இருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன். அவரே என்னவோ எழுதிக்கொண்டார்.

நிலையத்துக்குப் பின்னால் தெருவில் அவர்கள் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். எண்பத்தொன்பதில் விடுதியை மூடி இடித்தபோது கசில்டா வேறு எதையும் கேட்கவில்லை. எண்பத்து மூன்றாம் வருஷப் பதிவேட்டை மட்டும் கேட்டு வாங்கிப் போனாள். தொண்ணூற்று நாலில் நார்சிஸோ போனார், நெஞ்சுச் சளிதான். அடக்கம் முடிந்து அவள் வீட்டுக்குப் போனபோது, சமையலறை மேசையில் அந்தப் பதிவேடு விரிந்து கிடந்தது. பேனா பக்கத்தில். எந்தப் பத்தியையும் காலியாக விடப் பொறுக்காதவளாயிற்றே, அவளால் எழுத முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "நான் எழுதட்டுமாடி?" என்று கேட்டேன்.

கசில்டா என்னைப் பார்த்தாள். பதிவேட்டை மூடினாள்.

"அவர் முன்னாடி போயிட்டாரு, அவ்வளவுதான்" என்றாள். "ரெண்டு பேர்னு சொல்லித்தானே ரூம் எடுத்தோம். நான் இன்னும் காலி பண்ணலையே."

அதற்கப்புறம் இருபத்தேழு வருஷம் இருந்தாள். போன டிசம்பரில், ஹசிந்தாவைக் காப்பிக் கடையிலேயே விட்டுவிட்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். பதிவேடு அலமாரியில் இருந்தது, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில். புறப்பட்ட தேதியை எழுதினேன். எத்தனை ராத்திரி என்ற பத்தியை அவள் சொன்னபடியே விட்டுவிட்டேன்.